டிரம்மில் நீ போட்ட துளை

அண்ணா,

போன புதன்கிழமை அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். இரண்டு வருஷமாகப் பீரோ மேல்தட்டில் பாப்பாவின் பழைய துணிகளுக்கு அடியில் கிடந்தது. மூடியை எடுத்ததும் கரிப்புகையும் மிளகும் கோழிக் கொழுப்பும் சேர்ந்த வாசனை குப்பென்று வந்தது. பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, என்ன இது?" என்றாள். ஒயர் என்றேன். உள்ளே இரண்டு ஒயர்களும், நுனியில் கறுத்துப்போன இரண்டு கம்பிகளும், தீப்பெட்டி அளவு மீட்டரும் இருந்தன. சுருட்டி ரப்பர் பேண்டு போட்டது நான்தான். நீயாக இருந்தால் இன்னும் ஒழுங்காகச் சுருட்டியிருப்பாய்.

திறக்கச் சொன்னது அண்ணி. அன்று காலை போன் செய்து உன் கோழிக்கடையை மறுபடி திறக்கப்போவதாகச் சொன்னாங்க. கோழிக்குப் புகை போடும் டிரம்மைத் தேய்த்துக் கழுவி வைத்தாயிற்றாம், கரி வந்து இறங்கிவிட்டதாம். "அந்தச் சூடு பாக்குற ஒயரு உங்கிட்டத்தான இருக்குது? ஞாயித்துக்கெழம வந்து டிரம்முக்குள்ள விட்டுக் குடுத்துட்டுப் போ கண்ணு. மழைக்குப் புதுசா தார்ப்பாய் வாங்கிட்டேன், நாலு பக்கமும் இறக்கிக் கட்டிக்கலாம்" என்றாங்க.

வாரேனுங்க அண்ணி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த கையோடு பீரோவைத் திறந்தேன்.

அந்த ஒயரை டிரம்முக்குள் விட நாம் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நீ ஒயரிங் வேலையை விட்டுவிட்டு, மலைமேல் செம்மேடு போகிற ரோட்டில் தகரக் கொட்டாய் போட்டு, அருவி பார்க்க வருகிறவர்களுக்குப் புகை போட்ட கோழி விற்க ஆரம்பித்த புதிது. ஒரு நாள் வேகாமல் இருக்கும், மறுநாள் சருகாகியிருக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு நிற்காது என்று நான்தான் அந்த மீட்டரை ஆன்லைனில் வரவழைத்தேன். ஒரு கம்பி கோழிக்குள், ஒரு கம்பி கம்பிவலை மேல். எண் என் போனிலேயே தெரியும், கொட்டாயிலிருந்து வீடு வரைக்கும் எட்டும். நீ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "டெஸ்ட் டியூபு, கோழிக்கே காச்சல் பாக்கறயா? அடுத்து உம்புள்ளைக்கும் ஒயரு சொருகிருவ" என்றாய். கெமிஸ்ட்ரி படித்ததிலிருந்து உனக்கு நான் டெஸ்ட் டியூபுதான்.

முதலில் கதவிடுக்கு வழியாக விட்டோம். கதவு அழுத்தி ஒயர் நசுங்கி, மீட்டரில் எண்ணுக்குப் பதில் கோடு கோடாக வந்தது. மேல் மூடிக்கு அடியில் விட்டால் மூடி சரியாக உட்காராமல் புகை கசிந்தது. கடைசியில் நீ டிரில்லை எடுத்து, கரித்தட்டுக்கு மேலே, வலைக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு துளை போட்டாய். அதிலும் கம்பியின் வளைந்த தலை நுழையாமல் இன்னொரு முறை பெரிதாக்கினாய். தகர விளிம்பு ஒயரை அறுக்கக்கூடாது என்று துண்டு இரும்புக் குழாயைச் சொருகினாய். மிச்ச இடைவெளியில் கேப்பை மாவைப் பிசைந்து அப்பினாய். அண்ணி பார்த்துவிட்டு, டிரம்முக்குக் களி ஊட்டுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தாங்க. வெளியே ஒயரை நேராக இழுத்துக் கட்டப்போன என் கையைத் தட்டிவிட்டாய். "ஒரு வளைவு தொங்கட்டும் சாமி. மழத்தண்ணி ஒயரு மேலயே ஓடி வரும், வளைவுல சொட்டிரும். மீட்டருக்குப் போகாது." ஒயரிங் வேலையில் கற்றது.

அந்த ஐப்பசி சனிக்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவு நாள் எழுதாமல் தள்ளிப்போட்டது இதைத்தான்.

காலையிலிருந்து மழை, காற்று. அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. வீட்டில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தேன். நூற்றுப்பத்து டிகிரியில் நிற்க வேண்டிய டிரம் சூடு நூற்றுக்கு வந்தது, தொண்ணூறுக்கு வந்தது. உனக்குப் போன் செய்தேன். கொட்டாய் முன்பக்கம் திறந்து கிடக்கிறது, சாரல் நேராக டிரம் மேல் அடிக்கிறது என்றாய். மத்தியானம் ஒரு வேன் கூட்டம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தார்ப்பாயை அடி வரைக்கும் இறக்கிக் கல் வைத்துக் கட்டு என்றேன்.

"கட்டுனா உள்ள மூச்சு முட்டுமே கண்ணு."

"கொஞ்ச நேரந்தானண்ணா. மேல இடுக்கு இருக்குதல்ல, பொக அதுல போயிரும்."

நீ கட்டினாய். மேல் இடுக்கு வழியாகத் தண்ணீர் மீட்டர் மேல் சொட்டுகிறது என்று அதிலும் சாக்கை அடைத்தாய். அதையும் போனில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாய். நான் சரியண்ணா என்றேன். வீட்டில் குளிர் தாங்கவில்லை, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டிரம் பக்கத்தில் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். "புள்ளையத் தூக்கியாராத. கண்ணு எரியும்" என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

எண் ஏறியது. தொண்ணூற்றெட்டு, நூற்றெட்டு, நூற்றுப்பன்னிரண்டு. அங்கேயே அசையாமல் நின்றது. அவ்வளவு சீராக அது ஒருநாளும் நின்றதில்லை. 'சூப்பர்ண்ணா' என்று உனக்கு மெசேஜ் அனுப்பினேன். பாப்பாவுக்குப் பால் கொடுத்தேன். அவள் தூங்கினாள். மனசு நிம்மதியாக இருந்தது அண்ணா. என்னால் தாங்க முடியாதது அந்த நிம்மதிதான்.

கோழிக்குள் எழுபத்தைந்து ஆனதும், வெந்துவிட்டது என்று போன் கத்தியது. நீ எடுத்துவிடுவாய் என்று நிறுத்தினேன். எழுபத்தெட்டு. எண்பது. எண்பத்துநாலு. கறி காய்ந்துபோகுமே என்று உன்மேல் கோபம் வந்தது. போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. தூங்கிவிட்டாய் போல என்று முனகிக்கொண்டே பாப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குடையோடு இறங்கி வந்தேன்.

கல்லை உதைத்துத் தார்ப்பாயைத் தூக்கினேன். கம்பத்தில் சாய்ந்து, தாடை நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாய். முகம் வெளுக்கவே இல்லை, வெயிலில் நின்றவன் மாதிரிச் சிவந்திருந்தது. மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. உன்னை வெளியே இழுப்பதற்குள் எனக்கே தலை சுற்றி முழங்கால் மடிந்தது. எதனால் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நிறமில்லாத, மணமில்லாத வாயு, மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் என்று காலேஜ் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

ஆஸ்பத்திரியில் கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். ஒரு நர்ஸ் என் பக்கம் திரும்பி, மூடின இடத்தில் அடுப்பு ஏதாவது எரிந்ததா என்று கேட்டார். தெரியலீங்க என்றேன். மாமா பின்னாலிருந்து, "மறுபடி குடிக்க ஆரம்பிச்சிருப்பானுங்க, குளுருக்கு நெஞ்சு நின்னுருக்கும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் உன்னைச் சுற்றி அழுதுகொண்டிருந்தபோது, நான் கொட்டாய்க்குப் போய் மாவைப் பெயர்த்து, ஒயரை உருவி, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன்.

நீ குடியை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணி கேட்டதற்காகக் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினாய். அந்தச் சத்தியத்தை மீறிச் செத்தவன் என்று இரண்டு வருஷமாக அண்ணி உன்மேல் கோபமாக இருந்தாங்க. உன் போட்டோவுக்குப் பூ வைப்பதில்லை. திவசம் அன்றைக்குக்கூட, "என்னை ஏமாத்திட்டுப் போன மனுசனுக்கு நான் என்னத்தக் கும்பிட" என்று அடுப்படியிலேயே நின்றாங்க. நான் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் மகளை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள், அம்மா என்ன ஆவாள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது.

அண்ணி தார்ப்பாய் வாங்கியிராவிட்டால் இன்னும் பேசாமல்தான் இருந்திருப்பேன். உன் பேரைக் காப்பாற்ற வராத தைரியம் அண்ணி உயிர் என்றதும்தான் வந்தது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவோடு காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறினேன். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள், நான் மனசுக்குள் வாக்கியம் சேர்த்துக்கொண்டே வந்தேன். கொட்டாயில் நீலத் தார்ப்பாய் மடிப்புக் கலையாமல் தொங்கியது. அண்ணி கேப்பை மாவைப் பிசைந்து தயாராக வைத்திருந்தாங்க. குழாய் வழியாகக் கம்பியை உள்ளே விட்டேன். அண்ணி மறுபக்கம் கைவிட்டுப் பிடித்து இழுத்தாங்க. ஒயர் எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்தபோது சொன்னேன். சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. தார்ப்பாய் கட்டச் சொன்னது நான், சாக்கு அடைக்கச் சரி என்றது நான், கரிப்புகையில்தான் போனாரு என்று மட்டும் வந்தது.

அண்ணி ஒயரை விடவில்லை. 

"அப்ப அவரு அன்னைக்குக் குடிக்கல?"

"இல்லீங்கண்ணி."

"சொட்டுக்கூட?"

"இல்லீங்க."

அண்ணி எழுந்து அரிவாளை எடுத்தாங்க. பாப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தார்ப்பாய்க் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாங்க. புதுத் தார்ப்பாய் சேற்றில் விழுந்தது. என் முகத்தைப் பார்க்காமலே, "ஒயர எப்படி விடறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுக் கெளம்பு. இனி நீ இதத் தொட வேண்டாம்" என்றாங்க. சொல்லிக் கொடுத்தேன். வெளியே ஒரு வளைவு தொங்க வேண்டும் என்பதையும், அது நீ சொன்னது என்பதையும் சொன்னேன். கண்ணு என்று அண்ணி என்னைக் கூப்பிடவில்லை. பஸ் ஏற்றிவிட வரவில்லை. ஆனால் பையை எடுக்க வீட்டுக்குள் போய்த் திரும்பிச் செருப்பு மாட்டும்போது பார்த்தேன், உன் போட்டோவுக்குக் கீழே ஈரத்தோடு ஒரு செம்பருத்திப் பூ இருந்தது.

இப்போதும் பாப்பாவுக்கு உடம்பு சுட்டால் தெர்மாமீட்டரைத் தேடுகிறேன். ஆனால் எண்ணைப் படிப்பதற்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். ஜன்னலை ஒரு கையகலம் திறந்தே வைக்கிறேன். குளிரில் புள்ளையை வாட்டுகிறாய் என்று இவர் திட்டுகிறார். இவரிடமும் சொல்ல வேண்டும்.

இன்று காலை அண்ணி போன் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கவில்லை. பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "சூடு தொண்ணூறுல நிக்குது. ஏற மாட்டேங்குது. என்ன பண்றது?" என்றாங்க. அதே எண் அண்ணா.

"நிக்கட்டுங்கண்ணி. கோழி மெதுவா வேகட்டும். நீங்க வெளிய வந்து நில்லுங்க."

 நான் போனை வைக்கவில்லை. காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன், அவங்க குடை மேல் மழை விழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும்.