பிராண்டேயில் பால் காய்ச்ச

அன்பு மகளுக்கு,

போனில் கதைத்தால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் விட்டுவந்த பிராண்டேயிலேயே நீ வீடு வாங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. படிக்கவென்று அங்கிருந்து கொப்பன்ஹேகனுக்குப் போன அன்று, "இனி இந்தக் காட்டுக்குத் திரும்பி வரமாட்டன் அப்பா" என்றவள் நீ. உனக்குப் பிள்ளைகள் பிறந்ததும், பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று அம்மா அழுதாள். தொழிற்சாலை வேலையை விட்டேன். தோட்டத்தோடு வீட்டையும் விற்று, கொப்பன்ஹேகன் புறநகரில், உன் புரொண்பி வீட்டுக்குக் கிட்டவாக டோஸ்ட்ருப்பில் இந்த மூன்றாம் மாடிக்கு வந்தோம். ரயில் பக்கத்தில்தானே என்று காரையும் விற்றேன்.

இப்போது வேலையை வீட்டிலிருந்தே செய்யலாமாம். இங்கே பெரிய வீடு கட்டுப்படியாகாதாம், பிள்ளைகள் ஓடி விளையாட வளவு வேண்டுமாம். இதையே நான் அன்றைக்குச் சொன்னபோது, "உங்களுக்கு விளங்காது" என்றாய்.

குடிபுகும் நாளில் அம்மாதான் பால் காய்ச்ச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ரயிலில் அரை நாள் போனாலும் வருவோம். அவள் புதுப் பானையும் வாங்கிவிட்டாள். மருமகனை ஸ்டேஷனுக்கு அனுப்பு. கார் இல்லாதவர்களுக்கு அது ஊரில்லை.

வளவு, கராஜ், ஆப்பிள் மரம் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னாயாம். வீட்டில் எத்தனை அறை என்று மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்கமாட்டாள்.

நானும் கேட்கவில்லை.

கோபம் ஆறாத,
அப்பா