மூன்றாவது சிலிண்டரில் சத்தம்

அன்புள்ள இசக்கிக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலியும், மாசமாக இருக்கும் நம் மகள் கவியாவின் வாந்தியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரகடம் பட்டறையில் ஒரு வேடிக்கை. முதலாளியின் அப்பா ஓட்டிய பழைய லாரிக்கு இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கோத்தேன் அல்லவா? சூடேறியதும் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம்.

"இன்னா நம்பி, சுத்தியல உள்ளயே வுட்டுட்டியா?" என்றார் முதலாளி. அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, மறைவாகப் போய்ச் சுத்தியல்களைச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. ஒன்று குறைந்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

டீக்கடை செந்தாமரையோ, "எங்க வூட்டுக்காரர் குறட்டைக்கு இது தேவலண்ணா" என்கிறாள்.

ஒவ்வொரு சிலிண்டராக டீசல் குழாயைத் தளர்த்திப் பார்த்தேன். மூன்றாவதில் சத்தம் அடங்கியது. அங்கே பேரிங் போய்விட்டது. மாட்டியது இந்த மகராசன்தான். மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். சத்தம் போனால்தான் லீவு என்கிறார் முதலாளி.

வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு எப்படியாவது வரப் பார்க்கிறேன். வராவிட்டால் எனக்காகக் காத்திருந்து நல்ல நேரத்தை விட்டுவிடாதே. கவியா கை வளையல் குலுங்குவதை மட்டும் போனில் பதிந்து அனுப்பு. கொஞ்சம் இட்லிப் பொடியும்.

நேரில் சொல்வதுபோல் போனில் சொன்னால், என் குரலை வைத்தே எனக்குள் எது கழன்றது என்று கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முதலாளி வந்துவிட்டார், முடிக்கிறேன். பேச வேண்டுமென்றால் பகலில், பட்டறையில் இன்ஜின் ஓடும்போது கூப்பிடு.

உன்
நம்பிராஜன்