எல்லாரும் பார்க்க வந்தவனுக்கு

இன்று கடையில், இடுப்பில் உடுத்தும் புதுச் சாரன் ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். கஞ்சி வாடை எழுந்ததும் உன் ஞாபகம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விலங்கியல் படித்துவிட்டு, கடலோரக் களப்புச் சேற்றில் குந்தியிருந்து நண்டு பார்த்தவன் நீ. ஆராய்ச்சி என்பாய். வேலையற்ற வேலை என்பேன் நான். ஆண் நண்டு ஒற்றைக் கொடுக்கை உடம்பளவுக்கு வளர்த்துத் தூக்கித் தூக்கிக் காட்டும். அந்தக் கொடுக்கால் தின்னவும் முடியாது, ஓடவும் பாரம். பிறகு என்னத்துக்கு என்று கேட்டேன். நோஞ்சான் நண்டால் அதைச் சுமக்க முடியாதாம், அதனால்தான் பெட்டை நம்புகிறதாம். “நட்டப்படாமக் காட்டுற எதையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க மச்சான்” என்றாய்.

வெளிநாட்டுத் துணி வந்து குவிந்த காலம் அது. என் கைத்தறிச் சாரன்கள் அக்கரைப்பற்றுக் கடையில் அப்படியே கிடந்தன. பெரிய போர்டு எழுதப் போனவனைத் தடுத்தாய். போர்டைக் கள்ளனும் எழுதுவான் என்றாய். வாசலில் பேசின் வைத்து, வாங்க வருபவர் காட்டுகிற சாரனை வெள்ளைத் துண்டோடு அவர் கண்முன்னே ஊறவைக்கச் சொன்னாய். நனைத்ததைப் புதிதென்று விற்க முடியாதே என்று சண்டை பிடித்தேன். அந்த நட்டத்தைப் பார்த்துத்தான் சனம் நம்பியது. சாயம் போகும் சரக்கு வைத்திருந்த எவனும் பேசின் வைக்கவில்லை. உன் ஊர் ஆலையடிவேம்புப் பெண்கள்கூட என்னிடமே வந்தார்கள்.

பிறகு உங்கள் தமிழ் ஊருக்கும் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் இடையே பிரச்சினை வந்தது. உங்கள் ஆட்கள் எங்கள் சந்தைக்கு வருவதில்லை, எங்கள் ஆட்கள் உங்கள் பக்கத்து வயலுக்குப் போவதில்லை. இரண்டு பக்கமும் கூட்டம் போட்டுச் சமாதானம் பேசினார்கள், ஒருவரும் நம்பவில்லை. நீ நெற்றி நிறையத் திருநீறு பூசி, பட்டப்பகலில் சந்தைக்கு நடுவால் சைக்கிளில் வந்தாய். உன் சைக்கிளை இழுத்துக் கடைக்குள் விட்டேன். இனிக் கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையால் வரச் சொன்னேன்.

“பின்னால வந்தா நீயும் நானும்தான் காணுவம். எல்லாரும் காணத்தானே வாறன்.”

நண்டு விளையாட்டை மனிதரோடு விளையாடாதே என்று ஏசினேன். சிரித்துக்கொண்டே பிளேன்டீ குடித்தாய். உன் கணக்குப் பிழையாகவில்லை. நீ வந்து போவதைப் பார்த்து, உன் ஊர்ப் பெண்கள் ஒருவர் இருவராகத் திரும்பவும் வரத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் பின்னேரம், இரண்டு ஊருக்கும் நடுவே உன் சைக்கிள் கிடந்தது. நீயும் கிடந்தாய். செய்தவர் எங்கள் பக்கம் என்றார்கள் உங்கள் ஆட்கள், உங்கள் பக்கம் என்றார்கள் எங்கள் ஆட்கள். எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: நீ காட்டியது எல்லாருக்கும் விளங்கியது, யாரும் போய்வரக் கூடாது என்று நினைத்தவர்களுக்கும்தான்.

எல்லாரும் மறித்தும் உன் வீட்டுக்குப் போனேன். தலையில் தொப்பியோடு, பெரிய வீதியால். எங்கள் வீட்டுத் தங்கச்சிமார் போலவே உன் மனைவியும் என்னைக் காக்கா என்றுதான் அழைப்பாள். அன்று படலையைத் திறக்காமல் நின்றாள்.

“வாற வழியில உங்கள ஆரும் கண்டவங்களா, காக்கா?”

“ஓம்.”

“அப்ப இனி வராதீங்க.”

அவள் குரலில் கோபமில்லை. என்னையும் இழக்கக் கூடாது என்ற பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தை நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றும் யாராவது துணிந்து என் வாசலுக்கு வந்தால், அவர் முகத்தைப் பார்க்குமுன் அவருக்குப் பின்னால் தெருவைத்தான் பார்க்கிறேன்.