கொடுக்க மனசு வராத சாவி

ஞாயிறு, 12.8.2007

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், உன் உடம்போடு மனசும் சுகப்படவேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் நீயும் அழுகிறாய் நானும் அழுகிறேன், கார்டு தீர்ந்துபோகிறது, விஷயம் அப்படியே நிற்கிறது, அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் கனகாம்பரத்துக்கு மருந்தடிக்கப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. உன் தம்பி கிளெமென்ட்டுக்குப் பெண் பார்க்கிறோம், பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவன் வாயைத் திறந்தால்தானே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மனுசனைவிட அறிவான ஒரு இயந்திரத்தைச் செய்ய நீங்கள் ஏழு பேர் அங்கே முயல்கிறீர்கள், அது இருபது முப்பது வருசத்தில் வந்தாலும் வரும், வந்தபிறகு அது யார் பேச்சைக் கேட்கிறதோ அவர் வைத்ததுதான் உலகத்துக்கே சட்டம், அந்த ஒருவர் உங்கள் முதலாளிதான் என்று எழுதிய தாளில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், நீ மட்டும் மாட்டேன் என்றாய், வேலை போயிற்று, அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பவேண்டும். எட்டாம் வகுப்புப் படித்த என் தலையில் இவ்வளவுதான் ஏறியது, சரிதானே. அவர் கெட்டவரில்லை, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தவர், கடைசி நாளில் என்னைக் கெட்டவன் என்று நினைக்கிறாயா என்று உன்னிடம் மனசு நொந்து கேட்டார், உனக்குப் பதில் வரவில்லை, நான் செய்தது தப்பா அம்மா என்று எழுதியிருக்கிறாய்.

அப்பா முதலில் குதித்தார், அம்புட்டுப் படிக்கவைத்தும் ஒரு கையெழுத்துக்காக வேலையை விட்டுட்டாளே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூணாம் நாள் நான் உன் கடிதத்தை மெதுவாக வாசித்துக் காட்டினேன். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, உலகத்தையே எழுதிக் கேட்டார்கள், என் மகள் தரமாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் நீ ஏதோ பத்திர ஆபீஸில் வேலை பார்த்ததாக நினைக்கிறார்கள், நான் திருத்தவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது, 2003 கோடையில் கிணறெல்லாம் வற்றிப்போனதே, நீ அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய். மேல்நிலைத் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் ஏறும், எந்தத் தெருவுக்குத் திறந்துவிடுவது என்று ஆபரேட்டர் சடையாண்டியைப் பிடித்து ஆளாளுக்கு இழுப்பார்கள், ஒரு நாள் குடத்தால் அடித்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. அன்றைக்கே வால்வு சாவியை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன், முறையை நானே சொல்வேன், அப்பீல் கிடையாது என்றேன். மாதா சாட்சியாக நம் தெருவுக்கு ஒரு குடம் கூடுதலாக விடவில்லை, நமக்குத்தான் கடைசி முறை. சண்டை மறுநாளே நின்றது, யூனியன் ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள், ஊர் அமைதியாக இருக்கிறது என்று நானும் பூரித்துப்போனேன். அந்த அமைதிக்குள் கிழக்குத் தெருக் குழாய் உடைந்து ஒன்பது நாள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை, எனக்குத் தெரியாது. இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்து மோட்டாரில் பிடித்துச் சுமந்திருக்கிறார்கள். அந்தத் தெரு மாயம்மாளின் மருமகள் எட்டு மாசக் கர்ப்பிணி, குடத்தோடு வரப்பில் விழுந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல். பெரியாஸ்பத்திரிக்கு ஓடிப்போய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று மாயம்மாளிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க நல்லவுகதேன் தலைவரம்மா. ஆனா முன்னாடி சடையாண்டி தண்ணி விடலேன்னா உங்ககிட்ட வருவோம். நீங்களே விடலேன்னா நாங்க யார்கிட்ட போறது?" என்றாள்.

அதைக் கேட்ட உடனே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை ஏஞ்சலின், அதற்குப் பின்னும் இருபது நாள் வைத்திருந்தேன். குழாயைச் சரிசெய்தேன், தினம் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தேன், என்னைவிட நியாயமாக யார் செய்யப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வந்தால் ஜனம் எழுந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. வார்டு மெம்பர் ராமுத்தாய் கிராம சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து சாவியைக் கேட்டுச் சத்தம் போட்டபிறகுதான் கொடுத்தேன். சாவி சடையாண்டியிடம் போயிற்று, தெருமுறையை ஆபீஸ் சுவரில் எழுதிப்போட்டோம், தெருவுக்கு ஒரு பெண் கவனித்தாள், சண்டையும் கொஞ்சம் திரும்பி வந்தது, வந்தால் வரட்டும். போன வருசத் தேர்தலில் அதே ராமுத்தாயிடம் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றேன், ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, உனக்குத் தெரியும். இப்போது யோசித்தால் எனக்கு அது நல்லதுதான். எனக்கு எதிராக எழுந்திருக்க ஒரு சபை இருந்தது, என்னை இறக்க ஒரு ஓட்டுப்பெட்டி இருந்தது. உங்கள் முதலாளியையும் அந்த இயந்திரத்தையும் இறக்கவேண்டும் என்றால் ஜனம் எங்கே போய் நிற்கும். இயந்திரத்துக்கு அறிவு அதிகம் என்பதால் தப்பே நடக்காது என்று அவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். கிழக்குத் தெருவில் தண்ணீர் நின்றது என் அறிவு பத்தாததால் இல்லையம்மா, எனக்கு மேலே கேட்க ஆளில்லாததால். ஒரு சாவியைக் கையில் வாங்கியபிறகு எனக்கு விட மனசு வரவில்லை. நீ உலகத்துச் சாவியை ஒரு கையில் கொடுக்கமாட்டேன் என்று வேலையையே விட்டாய். உன்னைப் பெற்றதற்கு எனக்கு இதைவிடப் பெரிய பெருமை வரப்போவதில்லை.

வேலை போனவள் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வராதே. புத்தகங்களை அங்கே விட்டுவிட்டு வந்துவிடாதே, மச்சு அறையைக் காலிசெய்து வைத்திருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் இருவர் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அந்த மனுசருக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதிவிட்டு வா. உங்களைக் கெட்டவர் என்று நினைத்து மறுக்கவில்லை, அந்தத் தாளில் என் அம்மா பேர் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன் என்று எழுது. ஏன் என்று கேட்டால் மாயம்மாள் கேட்டதைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமலராணி