கேட்டதாகச் சொன்ன பொய்

மாதா துணை

சூரமங்கலம்,
8-7-1937

அன்புள்ள அந்தோணிமேரிக்கு லாசர் எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. உன் கோபம் எனக்குத் தெரியாததா? முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு போடு. திருப்பத்தூரில் உன் அக்காவும் அவள் பிள்ளைகளும் சுகம்தானே?

இங்கே ரயில்வே கேட்டில் ஒரு கூத்து நடந்தது. கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது, காதுதான் கடிகாரம் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் இரண்டு தடவை வண்டிச் சத்தம் கேட்டு கேட்டைச் சாத்தினேன். கால் மணியாகியும் ஒன்றும் வரவில்லை. மாட்டு வண்டிக்காரர்கள், "ஏனுங்க லாசரு, ரயிலு வருதுங்களா, தூங்குதுங்களா?" என்று சிரித்தார்கள். மூன்றாம் தடவை, இதுவும் வெறும் காதுச் சத்தம்தான் என்று திறந்தே விட்டேன். கூட்ஸ் வந்துவிட்டது. ஒரு மாட்டு வண்டி மயிரிழையில் தப்பியது.

அன்றைக்கே ரயில்வே இன்ஸ்பெக்டரிடம், ஒரு வருஷமாக இடது காது கேட்பதில்லை, வலதும் மந்தம், உள்ளே மட்டும் ரயில் ஓடுகிறது என்று நானே சொல்லிவிட்டேன். வேலை போயிற்று.

சேலத்து டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, காதில் கேட்கிறபடி மேஜையில் தட்டச் சொன்னார். இரண்டும் ஒன்றாக இருந்ததாம். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் முழுக்க ரத்தம், இப்படி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நான் கேட்டது ரயில் இல்லை, என் ரத்தம். மெட்ராஸில்தான் அறுக்க வேண்டும், அறுத்தால் ரத்தம் நிற்காமலும் போகலாம் என்றார். பயமாக இருக்கிறது மேரி.

கிணற்றடியில் நீ வழுக்கி விழுந்து நாலு தடவை கூப்பிட்டாயே, நான் முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குத் துடைத்தேன். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. நீ நொண்டிக்கொண்டு வந்து, கூப்பிட்டது காதில் விழவில்லையா என்றபோது, கேட்டது, வேலையாக இருந்தேன் என்று பொய் சொன்னேன். செவிடு என்று தெரிந்தால் வேலை போய்விடும். உனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். கல்நெஞ்சன் என்ற பேரே மேல் என்று நினைத்தேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்குக் கோபித்துக்கொண்டு நீ போய் நாலு மாதம். இந்தச் சத்தமும் நின்றுவிட்டால் வீட்டில் வேறு சத்தமே இல்லை.

திங்கட்கிழமை மெட்ராஸ் வண்டியில் போகிறேன். மத்தியானம் திருப்பத்தூரில் கொஞ்ச நேரம் நிற்கும். பிளாட்பாரப் பக்கம் ஜன்னலோரமாக இருப்பேன். பேர் சொல்லிக் கூப்பிடாதே, கேட்காது. ஜன்னலுக்கு நேரே வந்து நில். பேச வேண்டாம், நின்றால் போதும்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

லாசர்