செல்விக்குக் கிடைக்காத வெயில்

செவ்வாய், 14 மார்ச் 2006. ஓசூர்.

எங்கள் மருத்துவமனைக்கு வரும் கம்பெனித் தொழிலாளி செல்விக்குக் கையில் சிரங்கு குறையவே இல்லை. செண்டுமல்லி வேரிலிருந்து எடுத்த எங்கள் சோதனைக் களிம்பு, வெயில் பட்டால்தான் தோலுக்குள் இருக்கும் பூச்சியைக் கொல்லும். வெயிலில் காட்டினாயா என்று கேட்டேன்.

"தினமும் தடவுறேன் மேடம். எங்க ரூம்ல எல்லாருக்கும் நைட் ஷிப்டுங்க. பகல்ல தூங்கணும்னு ஜன்னல்ல பேப்பர் ஒட்டிட்டோம்."

"மொட்டை மாடிக்குப் போகலாமே?"

"கையப் பாத்தா ஹாஸ்டல விட்டு அனுப்பிடுவாங்க மேடம்." தயங்கிவிட்டுக் கேட்டாள்: "கம்பெனில விடிய விடிய ட்யூப்லைட் எரியுதுங்க. அது ஆகாதா?"

ஆகாது, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதில் போதாது என்றேன். வெயில் தேவைப்படாத வழக்கமான களிம்பைக் கொடுத்து அனுப்பினேன். இத்தனை கம்பெனிகள் இருக்கும் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு சோதனைத் திட்டம் எழுதிய எங்களில் ஒருவருக்குக்கூட நைட் ஷிப்ட் நினைவுக்கு வரவில்லை.

இந்நேரம் அந்த ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று, கம்பெனி கொடுத்த கையுறைக்கு மேலேயே சொறிந்துகொண்டிருப்பாள்.