கருப்புப் பூஞ்சைச் சோறு

ஏப்ரல் 9

வயலுக்கு உரமாக்கக் காட்டுப் பூஞ்சை பிடிக்கவென்று, சோறு நிரப்பி மூங்கில் தோப்பில் சருகுக்கடியில் புதைத்த மரப்பெட்டிகளை இன்று திறந்தோம். முதல் பெட்டியிலேயே குமட்டிவிட்டது. சோற்றின் மேல் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை படர்ந்திருக்க வேண்டும். இருந்ததோ கருப்புக் கூழ். நடுவில் புழு. கிம்ச்சி ஊறுகாய்த் துணுக்குகள் வேறு!

அரிசியைப் பருக்கை பருக்கையாக, விறைப்பாக அவிக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊர் விவசாயச் சங்கத் தலைவர் க்வோன் பில்தோ உணவகங்களில் மிஞ்சிய சோற்றை வாங்கி அடைத்திருக்கிறார்.

"சோறு சோறுதானேம்மா தாசுல்? பூஞ்சைக்கு நாக்கா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ.

ஏப்ரல் 10

சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவுகிறேன். நாற்றம் விரலிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 12

அந்தக் கூழை நாட்டுச் சர்க்கரையில் பிசையச் சொல்லிவிட்டார் தலைவர். "சர்க்கரை விழுந்தா கருப்பென்ன, வெள்ளையென்ன?" பிறகு தவிட்டோடு புளிக்கவைத்து எல்லோருடைய மிளகாய்ப் பாத்திக்கும் போகும்.

நல்ல பூஞ்சை மண்ணுக்குள் இழையோடும். மட்கைத் தின்று செடிக்குச் சாப்பாடாக்கும். வேரழுகல் கிருமிக்கு இடம் விடாது. இதுவோ அழுகலையே அள்ளிக்கொண்டுபோய் வேரில் வைப்பது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். இதைச் சொல்ல வாய் இல்லை!

மாலையில் பக்கத்து வயல் பொங்னே அக்கா வந்தாள். போன வருட மழையில் அவள் மிளகாய் மொத்தமும் வாடிச் செத்தது. இந்த வருடமும் போனால் நிலத்தை விற்றுவிட்டு மகளோடு நகரத்துக்குப் போகவேண்டியதுதான்.

"நீ பாத்துக் குடுத்தா போதும்டி. வேற யாரையும் கேக்க மாட்டேன்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஏப்ரல் 15

சங்கக் கூட்டம். கூழ் புளிக்கும் தொட்டியின் மூடியைத் திறந்ததும் முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"வீட்ல சோங்குக்ஜாங் கொதிக்கிறப்போ நாறுதுல்ல? இதுவும் புளிப்புதான்" என்றார் தலைவர்.

"அந்தச் சோயா குழம்பை எம் புருஷன் ரெண்டு கிண்ணம் குடிப்பாரு. இதுல ஒரு கரண்டி நீங்க குடிங்க பாப்போம்!" என்றாள் பொங்னே அக்காவின் நாத்தனார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு சொல்லட்டும். இது நல்லதுதானேம்மா?"

அத்தனை கண்கள். பொங்னே அக்காவுடையதும்.

"எங்க அம்மா வயல்ல... நான் இதை ஊத்த மாட்டேன்."

அவ்வளவுதான் வந்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 16

தொட்டியைக் காட்டோரம் குழி தோண்டிக் கொட்டினோம். தலைவர் வரவில்லை.

ஏப்ரல் 27

பொங்னே அக்கா முற்றத்தில் அவித்த அரிசி. தோப்பில் மறுபடி புதைத்த பெட்டியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று! மழை ஓய்ந்த காட்டின் வாசனை. இருந்தும் கையுறையோடுதான் தொட்டேன். உடம்பு இன்னும் நம்பவில்லை.

ஜூலை 19

விடாத மழை. அந்த வெள்ளைப் பூஞ்சை உரம் போட்ட பொங்னே அக்கா வயலில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் வெள்ளையாக, நார் நாராக. அக்கா அதை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே நின்றாள். நிலத்தை விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 24

நகரத்திலிருந்து கொள்முதல்காரர்கள் வந்தார்கள். அலுவலகச் சுவரில் ஆளுயரத்துக்கு என் படம். என்னைக் கேட்காமலே தலைவர் அச்சடித்திருக்கிறார்.

"கொஞ்சம் நிறம் மாறினதுக்கே மொத்தத்தையும் கொட்டச் சொன்னேன். இந்தப் பொண்ணைக் கேளுங்க! அவ்வளவு சுத்தம் எங்க சங்கம்!"

கைதட்டினார்கள். அந்தக் கருப்புக் கூழைப் பார்த்தபோதுகூட இப்படிக் குமட்டவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். படத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரே இழுப்பில் கிழித்தேன்.

"ஏய், விருந்தாளிங்க பாக்குறாங்க!"

"பாக்கட்டும்" என்றேன்.